பட்டிப்பூவும் சித்தியின் போத்தலும்

போன கிழமை விசுவமடுவில் சித்தி வீட்டுக்குப் போனபோது குசினி மேசையில் ஒரு போத்தல் பச்சைச் சாறு இருந்தது. பட்டிப்பூ (நித்தியகல்யாணி) இலையாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர், இரண்டு கிழமையாக வெறும் வயிற்றில் இதையும் குடித்திருக்கிறார். நான் சத்தம் போட்டுவிட்டேன், பிழைதான். அவர் அமைதியாகக் கேட்டார்: "பிள்ளை, அந்த மருந்தே இந்தப் பூவிலயிருந்துதானே எடுக்கிறாங்கள், நேரா குடிச்சா என்ன?"

நியாயமான கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

1950களில் கனடாவில் றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் பட்டிப்பூவை எடுத்தது நீரிழிவுக்காக. ஜமேக்காவில் அதற்கு இந்த இலையை அவித்துக் குடிக்கிறார்கள் என்று அறிந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாயால் கொடுத்தபோது சீனி குறையவில்லை. ஊசியாக ஏற்றியதும் வெள்ளைக் குருதிக் கலங்கள் விழுந்து, கிருமி தொற்றி எலிகள் செத்துப்போயின. வெள்ளைக் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா என்ற யோசனை அப்போதுதான் வந்தது. இன்று அந்த நோயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் இந்தச் செடியின் மருந்துதான். சரி, ஆனால் அதன் கூடப்பிறந்த வின்பிளாஸ்டினில் ஒரு கிராம் எடுக்க 500 கிலோ அளவில் காய்ந்த இலை வேண்டும். சித்தியின் போத்தலில் அது எவ்வளவு இருக்கிறது, கூடவே வேறு என்னென்ன கரைந்திருக்கிறது, யாருக்குத் தெரியும்? ஊசியால் ஏற்கெனவே வெள்ளைக் கலம் குறைந்திருக்கும் உடம்பு அது.

சித்தியை நம்பவைத்தது போனில் வந்த ஒரு செய்தி, 'புற்றுநோயை அழிக்கும் மூலிகை, ஆய்வில் நிரூபணம்' என்று. இப்படி வருவதில் அநேகமானவை தட்டில் செய்த பரிசோதனைகள். புற்றுநோய்க் கலங்களைச் சின்னக் குழிகளில் வளர்த்து, சாற்றை விட்டு, பிறகு ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள கலம் அதை ஊதாவாக மாற்றும், செத்த கலம் மாற்றாது. நிறம் குறைந்தால் சாறு ஏதோ செய்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். உப்பு கூடினாலும் அந்தக் கலங்கள் சாகும். எந்த அளவில் கொன்றது, பக்கத்துத் தட்டில் இருந்த நல்ல கலங்களை விட்டுவைத்ததா என்பதைச் செய்தியில் தேடிப் பாருங்கள், இருக்காது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவரங்களைச் சோதித்தது. அதில் தேறியவை மிகச் சில. அப்படித் தேறிய, ஒரு சீன மரத்திலிருந்து எடுத்த கம்ப்டோதெசின் என்ற பொருளைக்கூட 1970களில் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பையைப் புண்ணாக்குகிறது என்று நிறுத்தினார்கள். அதை மாற்றியமைத்துச் செய்த டொப்போடெக்கான் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996இல்.

எங்கள் காட்டுச் செடிகளைச் சோதிக்கவேண்டும், கட்டாயம் சோதிக்கவேண்டும். பரியாரிமார் பழகிய செடிகள் எத்தனை ஆய்வுகூடம் போகாமலே கிடக்கின்றன. தட்டில் கண்டதைத் தட்டில் கண்டது என்றே எழுதுங்கள், அதுதான் நான் கேட்பது.

கிளினிக்கில் "வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா அம்மா" என்று கேட்டபோது, பேச்சு விழும் என்ற பயத்தில் சித்தி இல்லை என்று சொல்லியிருக்கிறார். அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. விடிய முதல் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன். டொக்டரிடம் காட்ட அந்தப் போத்தலையும் பையில் வைத்தாயிற்று, சித்திதான் எடுத்து வைத்தார்.