கீழாநெல்லியும் கீரை போண்டாவும்

(கோவை. காலை ஏழே முக்கால். ஹார்டுவேர் கடை பழனிச்சாமி நடைப்பயிற்சி முடிந்து வருகிறார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’, அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று வந்து பத்து நாள் ஆகிறது. கிரேடு என்றதும் ஏதோ பாஸாகிவிட்டதுபோல மகளுக்கு போன் போட்டுச் சொன்ன மனிதர் இவர். கையில் ஒரு துணிப்பை.)

சரசு: ஏனுங்க, ரேஸ்கோர்ஸில் எத்தனை சுற்று?

பழனிச்சாமி: ஒரு சுற்றே இரண்டரை கிலோமீட்டர், தெரியுமல்ல? அரைச் சுற்று போனேன்.

சரசு: எந்த அரை?

பழனிச்சாமி: சூப் கடை வரைக்கும் இருக்கிற அரை. முடக்கத்தான் சூப் குடித்தேன்.

சரசு: சூப்புக்குத் தேங்காய்ச் சட்னி எப்போதிலிருந்து வைக்கிறார்கள்? சட்டையில் இருக்கிறதே.

பழனிச்சாமி: அது... பக்கத்தில் போண்டா போட்டார்கள். கீரை போண்டா, சரசு. பாதி மூலிகை.

சரசு: பையில் என்ன?

பழனிச்சாமி: எல்லாம் கல்லீரலுக்குத்தான். கீழாநெல்லிப் பொடி, சீந்தில் மாத்திரை, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ கேப்சூல். ஒன்று கைவிட்டாலும் ஒன்று காப்பாற்றும்.

சரசு: இதையெல்லாம் உடம்பில் யார் பிரித்துச் சுத்தம் பண்ணுவது?

பழனிச்சாமி: கல்லீரல்.

சரசு: குடோன் நிரம்பி ஷட்டர் இறங்காமல் நிற்கிறது. நீங்கள் இன்னும் நாலு லோடு இறக்குறீங்க. சீந்தில், மஞ்சள் கேப்சூல், கிரீன் டீ கேப்சூல் சாப்பிட்டுச் சிலருக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே, அப்போது என்ன பண்ணிக்கொண்டிருந்தீங்க?

பழனிச்சாமி: அவர் அறைக் கதவில் கீல் ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், மஞ்சளை நீ தினமும் குழம்பில் போடவில்லையா?

சரசு: குழம்புக்கு அரை ஸ்பூன், நாலு பேர் சாப்பிடுகிறோம். கேப்சூலில் இருப்பது பிரித்தெடுத்து இறுக்கிய சத்து. உடம்பில் கூடுதலாக ஏறட்டும் என்று மிளகு வேறு.

பழனிச்சாமி: சரி, கீழாநெல்லியைக் குறை சொல்லாதே. எங்க அப்பாவுக்கு ஆத்தா மோரில் அரைத்துக் கொடுத்துத்தான் சரியானது.

சரசு: அவருக்கு வந்தது காமாலை. உங்களுக்கு வந்திருப்பது போண்டா.

பழனிச்சாமி: (மெதுவாக) டாக்டர் வேறு என்ன சொன்னார்?

சரசு: 84 கிலோவில் ஏழிலிருந்து பத்து சதவிகிதம் குறையணும். ஆறு கிலோவாவது.

பழனிச்சாமி: ஏழுதானா? நான் பதினெட்டு ஜிஎஸ்டி கட்டுகிறவன்.

சரசு: வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்.

பழனிச்சாமி: நான் பேசிக்கொண்டேதான் நடக்கிறேன்.

சரசு: பேசும்போது நீங்க நின்றுவிடுறீங்க. எடை இறங்காவிட்டாலும் நடந்தால் கல்லீரல் கொழுப்பு கொஞ்சமாவது கரையுமாம்.

பழனிச்சாமி: எடை இறங்க வேண்டாமா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

சரசு: காபியும் குடிக்கலாம். சர்க்கரை இல்லாமல்.

பழனிச்சாமி: அப்புறம் அதற்குக் காபி என்று ஏன் பேர்?

சரசு: கிளம்புங்க. பையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். நடந்தே.

பழனிச்சாமி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போர்டு வைத்திருக்கிறான்.

சரசு: நம் கடையிலும்தான் இருக்கிறது. கேட்டுப் பார்ப்போம்.

பழனிச்சாமி: வாங்கவில்லை என்றால்?

சரசு: நாளைக்கும் போய்க் கேட்போம். நாளை மறுநாளும். வாரம் முடிவதற்குள் 150 நிமிடம் ஆகிவிடும்.