புள்ளி ஒன்று எங்கே?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் பெட்டியின் முதுகைப் பார்த்தபடியே போய்விட்டது. பழைய ஹோம் தியேட்டரின் சப்வூஃபர், அதாவது அடித்தொனிக்கான ஸ்பீக்கர், நன்றாகத்தான் இருக்கிறது. அதன் வயர் நுனியில் தோலுரித்த இரண்டு செம்புக் கம்பிகள். புது ரிசீவரிலோ 'சப்வூஃபர்' என்று எழுதிய ஒற்றை ஊசிப் பிளக் செருகும் ஒரே ஓர் ஆர்சிஏ துளை! அதில் வருவது வெறும் சிக்னல். ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் சக்தி துளியும் கிடையாது. ஐந்து ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் வைத்தவர்களுக்கு ஆறாவதாக ஒன்று வைக்க மனம் வரவில்லையா? முன் ஸ்பீக்கரோடு சேர்த்து இணைக்கச் சொன்னார் கடைக்காரர். இணைத்தேன். ஓம் கணக்கில் சொல்லும் மின்தடை பாதியாகக் குறைந்து, ஒலியைக் கூட்டியதும் ரிசீவர் தானாக அணைந்துவிட்டது. இனி தனி ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டுமாம். அட்டைப்பெட்டியில் 5.1 என்று கொட்டை எழுத்தில் போட்டீர்களே, அந்தப் புள்ளி ஒன்றான சப்வூஃபருக்குச் சக்தி கிடையாது என்பதை எங்கே போட்டீர்கள்?