பாஸ் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள்

ஆங்கிலத்தில் சின்னச் சொற்கள்தாம் அதிக வேலை பார்க்கின்றன. 'பாஸ்' அப்படி ஒரு சொல். தேர்வில் தேறினால் பாஸ். பஸ்ஸில் போக வாங்கும் மாத அட்டை பாஸ். பந்தைச் சக ஆட்டக்காரரிடம் தள்ளினால் பாஸ். சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தினாலும் பாஸ். மசோதா நிறைவேறினால் பாஸ், இரண்டு மலைகளுக்கு நடுவே வழி இருந்தால் பாஸ், ஒருவர் கண்ணை மூடிவிட்டாலும் அதே சொல்தான். தமிழில் இவற்றுக்குத் தேர்ச்சி, கணவாய், மறைவு என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. டர்பனில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்துகிறவள் என்ற முறையில் அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஓரிடத்தில் மட்டும் முரண்டு பிடிக்கிறேன். தென்னாப்பிரிக்க வரலாற்றில் வரும் பாஸைத் தமிழில் 'அனுமதிச்சீட்டு' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

அனுமதிச்சீட்டு என்பது நாமாக விரும்பிக் கேட்டு வாங்குவது. வேண்டாமென்றால் விட்டுவிடலாம். வெள்ளையர் ஆட்சியில் இங்கே இருந்த பாஸ் அப்படியா? 16 வயது நிரம்பிய ஆப்பிரிக்கர்கள், முதலில் ஆண்களும் பிறகு பெண்களும், எந்நேரமும் உடம்போடு வைத்திருக்க வேண்டிய புத்தகம் அது. போலீஸ்காரர் கேட்கும்போது கையில் இல்லாவிட்டால் கைதுதான். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது. நகரத்தில் இருக்க உரிமை பெறாதவர் 72 மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. வேலை கொடுத்தவர் மாதந்தோறும் அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து நின்றால் பிழைப்பும் போயிற்று, இருப்பிடமும் போயிற்று. இதைப் போய் அனுமதி என்பதா? கடவுச்சீட்டு என்பதும் பொருந்தாது. அது நாடு விட்டு நாடு போவதற்கு. இது பிறந்த மண்ணில் தெருவில் நடப்பதற்கு. 1916 முதல் 1984 வரை இந்தச் சட்டங்களின் கீழ் நடந்த கைதுகள் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல்.

1952-ல் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்று இருந்தது. பழைய சீட்டுகளை ஒழித்துவிட்டோம் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக்கிக் கையில் திணித்தார்கள். மக்கள் அதற்கு 'டொம்பாஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'டொம்' என்றால் மட்டித்தனம். அரசு வைத்த பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. மக்கள் வைத்த பெயர்தான் நிற்கிறது.

தமிழ் எழுத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வெள்ளை முதலாளியை அழைக்கும் ஆப்பிரிக்கான்ஸ் சொல்லையும் நாம் 'பாஸ்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. முதல் எழுத்தை வன்மையாக ஒலித்தால் சீட்டு, மென்மையாக ஒலித்தால் எசமான். கையெழுத்துப் போட்டவனும் அவன் கையெழுத்துப் போட்ட புத்தகமும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நிற்கிறார்கள். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் காலத்து ஆட்சி எப்படி நடந்தது என்பது விளங்கிவிடுகிறது.

பாஸ் என்றால் அது ஆப்பிரிக்கர்களின் கதை, நமக்கென்ன என்று கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறையில் கப்பல் ஏறியவர்கள். தங்கள் செலவில் கப்பல் ஏறி வந்த வணிகர்களைப் 'பாசஞ்சர் இந்தியர்' என்றார்கள். வரலாற்று நூல்களில் இன்றும் அதே பெயர்தான். ஒப்பந்தத்தில் வந்தவருக்குப் பத்து ஆண்டுகள் கழித்து ஊர் திரும்ப இலவசப் 'பாசேஜ்' உண்டு என்பது பேச்சு. ஒப்பந்தக் காலத்தில், முதலாளி எழுதிக் கொடுத்த பாஸ் இல்லாமல் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே காலடி வைத்தால் கைது. முதலாளி அடித்தார் என்று குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியிடம் முறையிடப் போனவர்களும் பாஸ் இல்லாததால் பிடிபட்டார்கள். யார்மீது புகாரோ அவரிடமே போய்ச் சீட்டு வாங்க வேண்டும்! பாஸ், பாசேஜ், பாசஞ்சர் மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. லத்தீனில் அந்த வேருக்குக் காலடி, எட்டு என்று பொருள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் விட்டார்களா? ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ட்ரான்ஸ்வாலில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும் என்றார்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதிக்கு வெளியே ஒரு பெரிய இரும்புச் சட்டியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகளைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். 1913-ல் ட்ரான்ஸ்வாலிலிருந்து பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி நேட்டாலின் நியூகாசிலுக்கு வந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் ட்ரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். சிறைக்குப் போன வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்டார். இதெல்லாம் நம் விழா மேடைகளில் முழங்கும் கதை.

மேடையில் முழங்காத ஒன்றும் இருக்கிறது. அன்றைய நம் தலைவர்கள் பலர் பாஸ் முறையே கூடாது என்று கேட்கவில்லை. எங்களை ஆப்பிரிக்கர்களோடு சேர்க்காதீர்கள் என்றே கேட்டார்கள். மனுக்களைப் படித்தால் மனம் நோகிறது. இனஒதுக்கல் ஆட்சியில் நாம் டொம்பாஸ் சுமக்கவில்லை என்பதும் உண்மை. நம் துன்பத்தை அவர்கள் பட்ட துன்பத்தோடு சமமாக நிறுத்த எனக்குத் துளியும் எண்ணமில்லை. ஆனால் இரண்டையும் வெவ்வேறு பாடமாக நடத்துவதில் நியாயமில்லை. 1956 ஆகஸ்ட் 9 அன்று பெண்களுக்குப் பாஸ் வேண்டாம் என்று பிரிட்டோரியாவில் ஏறத்தாழ 20,000 பெண்கள் திரண்டார்கள். முன்னால் நின்ற நால்வரில் ரஹீமா மூசா இந்திய வம்சாவளிப் பெண். அந்தச் சட்டம் அவரைத் தொடவே தொடாது. அவர் போனார். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் இல்லாமல் வந்து எங்களைக் கைது செய்யுங்கள் என்று கூடிய மக்களைச் சுட்டார்கள். அரசுக் கணக்கில் மட்டும் 69 பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி தம் பாஸைக் கொளுத்தினார். லுத்துலியின் ஊரான குரூட்வில், நம் முன்னோர் கரும்பு வெட்டிய ஸ்டாங்கருக்குப் பக்கம்தான். 1908-ல் இரும்புச் சட்டியில் மூட்டிய நெருப்பையும் லுத்துலி மூட்டிய நெருப்பையும் ஒரே பக்கத்தில் வைத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சட்டம் ஒருவழியாக நீங்கியது 1986-ல்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்-3 சாலையில் போகிறவர்களுக்கு வான் ரீனன்ஸ் பாஸ் தெரியும். ட்ராக்கன்ஸ்பர்க் மலையில் பனிமூட்டம் கவிந்துவிட்டால், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும். அந்தக் கணவாயின் உச்சியோடு நேட்டால் முடிந்து ஃப்ரீ ஸ்டேட் தொடங்கும். ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்று 1891-ல் போட்ட தடை 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது பெரியம்மா விடியலுக்கு முன்பே எழுந்து ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் செய்து துணியில் சுற்றுவார். போத்தலில் தேநீர். பெரியப்பா லேடிஸ்மித்திலேயே பெட்ரோல் நிரப்பிவிடுவார். அதற்கப்புறம் ஃப்ரீ ஸ்டேட்டின் மறு எல்லையான வால் ஆற்றைத் தாண்டும்வரை கார் நிற்காது. பின்சீட்டில் எங்களுக்குச் சிறுநீர் முட்டினாலும் "பொறு கண்ணு, ஆறு வரட்டும்" என்பார் பெரியம்மா. பெயர்ப்பலகையில் பாஸ் என்று போட்டிருந்த அந்த மலைவழியைத் தாண்டினால், கடந்துபோக மட்டுமே விடுவார்கள், தங்க விடமாட்டார்கள்.

ஜனவரியில் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவு வந்ததும் நம் வீடுகளில் தொலைபேசி ஓயாது. பாஸா என்பதோடு கேள்வி முடிவதில்லை. பட்டப்படிப்புக்குப் போகும் பாஸா, டிப்ளமோ பாஸா என்று துருவுவார்கள். பிள்ளைகள் அறிந்த பாஸ் இது ஒன்றுதான். அவர்கள் வேறெதையும் அறியாமல் இதைச் சொல்லும்படி ஆனது நல்ல காலம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று, வீட்டில் வேலை செய்யும் அம்மாளிடம், "உங்கள் அம்மாவிடம் பாஸ் இருந்ததா?" என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். கேட்டால் அந்த அம்மாள் சொல்வார். நம்மைவிட நன்றாகவே சொல்வார்.

ஆகவே தமிழ்ப் பாடம் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: தேர்வுக்குத் தேர்ச்சி என்று எழுதுங்கள், மலைக்குக் கணவாய் என்று எழுதுங்கள், இதை மட்டும் பாஸ் என்றே விடுங்கள்; பக்கத்தில் நான்கு வரி விளக்கம் கொடுங்கள். எங்கள் வகுப்புக்கு அப்படி ஒரு பாடம் தயாரித்துவருகிறேன். வான் ரீனன்ஸ் பாஸைத் தாண்டிப் போன நினைவு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தால், தாத்தா ஆயா வைத்திருந்த தோட்டத்துச் சீட்டு எதுவும் பெட்டியில் கிடந்தால், படம் எடுத்து ஆண்டோடு எனக்கு அனுப்பிவையுங்கள்.