பொறுப்பைக் கைமாற்றத் தெரியாத தலைமை

நன்றாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவரை மேஸ்திரி ஆக்குவோம். நன்றாகச் சமைக்கிறவரிடம் ஹோம்ஸ்டேயையே விட்டுவிடுவோம். கணக்கு எழுதத் தெரிந்த அக்காவை மகளிர் குழுவை நடத்தும் ஊக்குநர் ஆக்குவோம். நீலகிரியில் இது நெடுநாள் வழக்கம், அதில் நியாயமும் இருக்கிறது. வேலை தெரியாதவர் சொன்னால் காட்டில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஆனால் பொறுப்புக்கு வந்த அன்றிலிருந்து அவருடைய வேலையே வேறு என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. நேற்றுவரை தன் இரண்டு கையால் செய்ததை இனி இருபது பேரின் கையால் செய்விக்க வேண்டும். அதற்கு என்ன பயிற்சி? பெரும்பாலும் ஒன்றும் கிடையாது.

தலைமைப் பண்பு என்று மேடையில் பேசும்போது பத்துப் பதினைந்து குணங்களை அடுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பழக வேண்டியது ஒன்றுதான்: ஒரு பொறுப்பை இன்னொருவர் கையில் முழுதாக ஒப்படைப்பது. அது கைவராதவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் வேலை மொத்தமும் படுத்துவிடும். வீட்டிலும் இதே கதைதான்.

தேயிலைக் காட்டில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். ஆள் குறைவான நாளில் மேஸ்திரி தானே குனிந்து பறிக்க ஆரம்பிக்கிறார். பார்க்கிறவருக்கு உழைப்பாளியாகத் தெரியும், அவர் பையிலும் சில கிலோ சேரும். அந்த நேரத்தில் நிரையின் மறுகோடியில் முற்றிய இலை சேருகிறதா, சரிவில் எத்தனை செடி கைபடாமல் போனது என்று பார்க்க ஆளில்லை. பறிக்காமல் விட்ட செடி அடுத்த பறிப்புச் சுற்று வருவதற்குள் முற்றிவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்ப வேண்டிய சுற்று தள்ளிப்போனால் இரண்டு இலை ஒரு கொழுந்து என்ற பறிப்புத் தரமெல்லாம் பேச்சோடு சரி. தொழிற்சாலையில் விலை குறையும்போதுதான் அது கணக்கில் தெரியும், அதற்குள் இரண்டு சுற்று போயிருக்கும்.

ஒப்படைப்பதில் எது கஷ்டம் என்று கேட்டால், சொல்லாமல் விட்டுப்போகும் விஷயங்கள்தான். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். பல வருடமாக எடை பார்க்கும் ஒருவர் புதுப் பையனிடம் அந்த வேலையைக் கொடுக்கிறார். "மூட்டையைத் தராசில் வை, சாக்கு எடையைக் கழி, பில் போடு, அவ்வளவுதான்." அவ்வளவுதானா? மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அதிகம் கழித்தால் விவசாயி சண்டைக்கு வருவார். கழிக்காமல் விட்டால் தொழிற்சாலையில் எடை குறைந்து, வித்தியாசம் இவர்கள் தலையில் விழும். மூட்டையின் மேலே கொழுந்தும் அடியில் முற்றலும் இருக்கலாம் என்பதும் சொல்லப்படவில்லை. கையை மூட்டையின் நடுவரைக்கும் விட்டுப் பார்க்க வேண்டும். கைக்குச் சூடு தெரிந்தால் இலையை அழுத்தித் திணித்திருக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் உள்ளே சிவந்துவிடும், உடனே உதறிப் பரப்ப வேண்டும். இதெல்லாம் பழையவருக்கு யோசிக்காமலே வருவதால் இதை ஒரு விஷயமாகவே அவர் நினைப்பதில்லை. மூன்றாம் நாள் பையன் தப்பு செய்ததும், "இவன் சரிப்பட மாட்டான்" என்று தராசைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். தப்பு பையன் பக்கம் இல்லை என்பதே என் வாதம்.

எதை ஒப்படைப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு வாரம், நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் வேலைக்கு ஒரு வரி வீதம் எழுதுங்கள். வாரக் கடைசியில் எதிரே குறி போடுங்கள்: என்னால் மட்டுமே முடியும், சொல்லிக்கொடுத்தால் இன்னொருவரால் முடியும், இப்போதே இன்னொருவரால் முடியும். முதல் வகையில் நிறைய விழுந்தால் மறுபடி பாருங்கள். சம்பளக் கையெழுத்து, ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது, ரகசியமாக வைக்க வேண்டிய பேச்சு ஆகியவை போக மற்றவை பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுங்கள். அது வாரத்துக்கு ஒரு முறையாவது வருவதாக இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறை வரும் வேலையில் பழக முடியாது. தவறினாலும் பெரிய நஷ்டம் வராததாக இருக்கட்டும். உங்களுக்குப் பிடிக்காத எடுபிடி வேலைகளை மட்டும் தள்ளிவிடாதீர்கள். வாங்குகிறவருக்கு அது உடனே புரிந்துவிடும், அதற்கப்புறம் நீங்கள் கொடுக்கும் எதையும் அவர் பொறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒப்படைக்கும்போது ஐந்து விஷயம் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். முடிவில் என்ன கிடைக்க வேண்டும். எப்போதைக்குள். அதற்கான பணம், சாவி, போன் நம்பர் யாரிடம். எதுவரை கேட்காமல் முடிவெடுக்கலாம். நான் எப்போது வந்து பார்ப்பேன்.

நான்காவதைத்தான் நம் ஊரில் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். மே மாத சீசனில் ஊட்டியில் ஒரு காட்டேஜ் என்று வையுங்கள். இரவு பத்து மணிக்கு கீசர் வேலை செய்யவில்லை, விருந்தினர் கத்துகிறார். அங்கிருக்கும் பையன் ஓனருக்குப் போன் செய்கிறான், ஓனர் எடுக்கவில்லை. காலியாக இருக்கும் அடுத்த ரூமுக்கு மாற்றிவிடலாம் என்பது பையனுக்கும் தெரியும். ஆனால் மாற்றினால் திட்டு விழுமோ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "ரூம் மாற்றுவது, வெந்நீர் பக்கெட்டில் கொடுப்பது, 500 ரூபாய் வரை செலவு செய்வது, இதுக்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டாம். காலையில் சொன்னால் போதும். பணத்தைத் திருப்பிக் கேட்டால் மட்டும் எனக்குப் போன் பண்ணு." இந்த வரிகளை முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு, வழியில் நின்று போன் செய்யும் விருந்தினருக்குப் பதில் சொல்வதும் இந்தப் பையன்களின் வேலையாகிவிட்டது. அதற்கும் எல்லை சொல்லிக்கொடுக்காமல் எதிர்பார்ப்பது அநியாயம்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "சரிங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "நாளைக்கு வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "மழை வந்தா?" என்று அடுத்துக் கேளுங்கள். அவர் தன் வாயால் சொல்லும்போதுதான் எது விட்டுப்போனது என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காலை மஸ்டரில், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் நேரத்தில், ஐந்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

பிறகு நான்கு முறை. முதல் முறை நீங்கள் செய்ய அவர் பார்ப்பது. இரண்டாவது இருவரும் சேர்ந்து. மூன்றாவது அவர் செய்ய நீங்கள் பார்ப்பது. நான்காவது அவர் மட்டும். வாரம் ஒரு முறை வரும் வேலையென்றால் ஒரு மாதம் ஆகும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போவது மூன்றாவதை. அதுதான் ஒப்படைக்கிறவருக்குப் பெரிய சோதனை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நீங்கள் பத்து நிமிடத்தில் முடிப்பதை அவர் இருபத்தைந்து நிமிடம் செய்வார். ஆபத்து வந்தாலொழிய வாயைத் திறக்கக் கூடாது, முடிந்த பிறகு பேசலாம். நடுவில் புகுந்து பிடுங்கினால், அடுத்த தடவை அவர் பாதியில் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

தப்பு நடக்கும்போது என்ன செய்வது? இங்கேதான் நம் மலையின் பழைய வரலாறு குறுக்கே வருகிறது. கங்காணி ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கி, அதட்டி வேலை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த முறை போய்விட்டது, அந்தக் குரல் மட்டும் சில இடங்களில் இன்னும் கேட்கிறது. பத்துப் பேர் முன்னால் ஒருவரைச் சத்தம் போட்டால் வேலை நடக்கும் என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். வேலை தவறுவதற்குக் காரணம் மூன்று: தெரியவில்லை, முடியவில்லை, மனமில்லை. தெரியாதவருக்கு மறுபடி செய்துகாட்ட வேண்டும். முடியாதவருக்கு ஆளோ கருவியோ நேரமோ போதவில்லை, அதைத் தேடிக் கொடுப்பது நம் வேலை. மழுங்கிய கொழுந்துக் கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டு ஏன் குறைவு என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? மனமில்லாதவரிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், பல நேரம் பழைய மனவருத்தம் ஏதாவது வெளிவரும். சத்தம் இந்த மூன்றில் ஒன்றையும் தீர்க்காது.

சொல்வதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள், தனியாக, மூன்று வாக்கியத்தில். "சாக்கு எடை கழிக்காம பில் போட்டிருக்கு. அதனால மூணு பேருக்குக் கூடுதலாப் போயிருக்கு. நாளையிலிருந்து காலி சாக்கை முதல்ல தராசில் வைச்சுப் பாருங்க." ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தை அவர் காதில் வாங்கவே மாட்டார். பாராட்டுவதை மட்டும் எல்லோர் முன்னாலும் செய்யுங்கள், எதற்கு என்று சொல்லியே செய்யுங்கள். வெறும் "சூப்பர்" யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காது.

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1989-இல் தருமபுரியில் தொடங்கி, 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் நபார்டின் திட்டம் வந்த பிறகு நாடெங்கும் பரவிய இந்த ஏற்பாடு, தலைமைப் பொறுப்பு சுழற்சியில் மாற வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தது. 12 முதல் 20 பேர் வரை உள்ள குழுவில் ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாறி மாறி வர வேண்டும். நடைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே அக்கா வருடக்கணக்கில் தீர்மானப் புத்தகம், வரவு செலவு, வங்கி என்று எல்லாவற்றையும் சுமக்கிறார். முதலில் அது சேவையாக இருக்கிறது. நாளாக நாளாக மற்றவர்களுக்குத் தங்கள் கடன் பாக்கி எவ்வளவு என்றே தெரியாமல் போகிறது. சந்தேகம் வருகிறது, ஒரு நாள் குழு உடைகிறது. அந்த அக்கா ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க மாட்டார், ஆனாலும் பெயர் கெடுகிறது.

இதைத் தடுப்பது கஷ்டமில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து சேமிப்பை ஒருவர் வாங்கட்டும், வேறொருவர் எழுதட்டும், மூன்றாமவர் கூட்டி உரக்கப் படிக்கட்டும். வங்கிக்குப் போகும்போது ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒருவரைக் கூடவே கூட்டிப்போங்கள், சலானை அவர் கையாலேயே நிரப்ப விடுங்கள். ஆறு மாதத்தில் ஆறு பேருக்கு வங்கிக் கவுன்ட்டர் பழகிவிடும்.

வீட்டுக்கு வருகிறேன். தேயிலைக்குப் போகும் பெண் காலை மஸ்டருக்கு நிற்கும் முன்பே தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, வீட்டில் ஒரு ஷிஃப்ட் முடித்துவிட்டுத்தான் வருகிறார். "நான் உதவி பண்றேனே, சிலிண்டர் புக் பண்ணச் சொன்னா பண்றேன்" என்று சொல்லும் ஆண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலிண்டர் தீரப்போகிறது என்று ஞாபகம் வைத்திருப்பதே பாதி வேலை. அந்த ஞாபகம் இன்னும் அந்தப் பெண்ணின் தலையில்தான் இருக்கிறது. முழுப் பொறுப்பு என்றால், எரிவாயு தீர்வதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லும் இனி அவரைத் தேடியே வரக் கூடாது. எடுத்துக்கொண்டவர் அதைத் தன் போனில் அலாரமாக வைக்கட்டும். கொடுத்த பெண்ணும் ஞாபகப்படுத்துவதை நிறுத்த வேண்டும். ஒரு தடவை சிலிண்டர் தீர்ந்து கடையில் இட்லி வாங்கும்படி ஆனாலும் பரவாயில்லை.

பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல். பத்து வயதுக் குழந்தை தன் புத்தகப் பையையும் மறுநாள் யூனிஃபார்மையும் இரவே எடுத்து வைக்கலாம். பதினான்கு வயதில் வாரக் காய்கறிக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பலாம். விலை கேட்பது, மீதி எண்ணுவது, அழுகிய கேரட்டைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அங்கேதான் வரும். வாங்கி வந்ததைக் குறை சொல்லிக்கொண்டே சமைத்தால் அடுத்த வாரம் அது போகாது.

பெரியவர்கள் கைமாற்றாமல் வைத்திருப்பது நிலக் கணக்கு. தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருக்கும் தோட்டம், சொசைட்டிக் கடன், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அப்பாவின் மனதில் மட்டும் இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு பட்டா நகல் எங்கே என்று பீரோவைக் குடைகிற வீடுகள் இங்கே ஏராளம். நிலத்தை இப்போதே எழுதிக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனையும் மகளையும் மருமகளையும் உட்கார வைத்து, ஒரு ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு காகிதமும் என்ன என்று சொன்னால் போதும்.

தனக்கென்று வைத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் எளிது. 200 பக்க நோட்டு ஒன்று. தினமும் மாலை மூன்று பத்தி: இன்று யாருக்கு என்ன கொடுத்தேன், எப்போது பார்க்கப்போகிறேன், பார்த்ததில் என்ன தெரிந்தது. ஐந்து நிமிட வேலை. பார்க்கிறேன் என்று சொன்ன நாளில் போய்ப் பார்க்காமல் விடுவதுதான் இந்த முறை முழுதாகத் தோற்கும் இடம். இரண்டு தடவை தவறினால், இவர் கேட்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்காக ஒரு மணிக்கு ஒரு தடவை போய் நின்றாலும் வேலை கெடும். சொன்ன நேரத்துக்குப் போங்கள், மற்ற நேரம் விட்டுவிடுங்கள்.

மிச்சமாகும் நேரத்தில் வேறு எடுபிடி வேலையை நிரப்பிக்கொள்ள வேண்டாம். எஸ்டேட்டில் இருப்பவர் குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையத்தில் என்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரிக்கலாம். சுற்றுலாத் தொழிலில் இருப்பவர் மலையாளமோ கன்னடமோ இந்தியோ பேசப் பழகலாம்.

எப்போது ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். கூட்டம் நெரியும் மே மாதத்தில் யாரும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. தேயிலைக்காரர்களுக்குப் பனி விழுந்து இலை வரத்து குறையும் ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். சுற்றுலாக்காரர்கள் ஜூன் மழையில் தொடங்கினால் பூஜை விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் ஒரு பையனோ பெண்ணோ முழுப் பொறுப்போடு நிற்பார்கள். வீட்டுக்கு சீசன் கிடையாது, இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.