"இன்னும் வயசுக்கு வரலையா?" என்று கேட்கப்படுகிற வீடுகளுக்கு

எட்டாம் வகுப்பு முடிகிற மே மாதத்தில்தான் இந்தக் கேள்வி சூடுபிடிக்கும். கூடப் படிக்கிற பிள்ளைகளின் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகைகள் வரிசையாக வரும். ஏதாவது ஒரு விசேஷ வீட்டில், பந்தியில் உட்கார்ந்தபடியே ஒரு அத்தை சத்தமாகக் கேட்பார்: "இவ இன்னும் உக்காரலையா?" அன்றிரவே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும்.

நாம் முதல் மாதவிடாயை மட்டுமே கணக்கு வைக்கிறோம். சடங்கு வைக்க அந்தத் தேதி போதும். ஆனால் உடம்பில் பூப்பு அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் அடையாளம் மார்பு அரும்புவது. காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில் வந்து, சில மாதம் கழித்தே மறுபக்கம் வரும். அதைப் பார்த்துப் புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது அரும்பினாலும் இயல்புதான்.

அரும்பியதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். அப்படியானால் பன்னிரண்டரை வயதில் அரும்பிய பெண்ணுக்குப் பதினைந்தை ஒட்டித்தான் வரும். இதில் தாமதம் எதுவும் இல்லை. இடையில் உயரம் மளமளவென்று கூடும். மாதவிடாய்க்குச் சில மாதம் முன்பிருந்து வாடையோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் இருக்கும். பெண்களுக்கான ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அதை நோய் என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுக்கிறவர்கள்தான் அதிகம்.

அப்படியென்றால் எப்போது மருத்துவரைப் பார்ப்பது? 13 வயது முடிந்தும் மார்பு அரும்பவே இல்லை என்றால். அரும்பி மூன்று வருடம் ஆகியும் மாதவிடாய் வரவில்லை என்றால். மற்ற வளர்ச்சி எல்லாம் சரியாக இருந்தும் 15 வயது முடிந்து வரவில்லை என்றால். மூன்றில் எது முதலில் வந்தாலும் போய்விடுங்கள். வயது ஆகட்டும் என்று காத்திருக்கவே கூடாத சில அறிகுறிகளும் உண்டு: ஒரு வருடத்தில் 4 செ.மீ. கூட வளராதது, அடிக்கடி தலைவலியோடு பார்வை மங்குவது, மார்பில் பால் கசிவது, வாசனையே தெரியாதது, திடீரென எடை குறைவது.

மாதாமாதம் அடிவயிறு வலித்து, இரத்தம் மட்டும் வராமல் இருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கன்னிச்சவ்வில் திறப்பே இல்லாமல் பிறந்த பெண்களுக்கு இரத்தம் உள்ளேயே தேங்கும். சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் தெரியவரும். சிறிய அறுவைச் சிகிச்சையில் முடிகிற காரியம் இது. "வயித்துப் பூச்சி" என்று மாதக்கணக்கில் ஓட்டிவிடுவதில்தான் சிக்கல்.

தாமதம் என்று வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு எந்த நோயும் இருக்காது; பரம்பரைவாகு. அம்மாவுக்கோ சித்திக்கோ தாமதமாக வந்திருக்கும். அப்பாவையும் கேளுங்கள், கல்லூரி போன பிறகுதான் மீசை முளைத்து உயரமானார் என்றால் அதுவும் கணக்கில் சேரும். ஆனால் "எனக்கும் பதினாறுலதான்" என்று சொல்லி அம்மா பரிசோதனையைத் தவிர்ப்பது சரியில்லை. அந்தக் காலத்தில் அவருக்குத் தாமதமானதற்கு அரைவயிற்றுச் சாப்பாடும் காரணமாக இருந்திருக்கலாம். தவிர, ஆண் பிள்ளைகளின் தாமதத்தில் பெரும்பாலானது பரம்பரைவாகுதான். பெண் பிள்ளைகளுக்கு உள்ளே வேறு காரணம் இருக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

சாப்பாட்டுக்கு வருவோம். உடம்பில் சக்தி பற்றாக்குறை என்று தெரிந்தால் மூளை சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவையே நிறுத்தி வைத்துவிடும். காலை உணவே இல்லாமல் டியூஷனுக்கும் பள்ளிக்கும் ஓடுகிற பெண், ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று கடும் பயிற்சி எடுத்துக்கொண்டு கொறித்துச் சாப்பிடுகிற பெண், ஒல்லியாக வேண்டும் என்று சோற்றை ஒதுக்குகிற பெண் எல்லோருக்கும் இது நடக்கலாம். இவர்களுக்கு மருந்து சாப்பாடுதான்: முட்டை, பருப்பு, பால், கடலை, வயிறார மூன்று வேளை. உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் தாராளமாகக் கொடுங்கள், நல்ல சத்து. தைராய்டு குறைவாலோ சினைப்பைக் கோளாறாலோ தள்ளிப்போவதை அவை சரிசெய்யும் என்று மட்டும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

எனக்குக் கோபம் வருகிற இடம் மருந்துக்கடை. "பீரியட்ஸ் வர மாத்திரை" என்று கேட்டு ஐந்து நாளைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வகை. கருப்பையின் உட்சுவர் ஈஸ்ட்ரோஜனால் ஏற்கெனவே தடித்திருந்தால்தான் மாத்திரையை நிறுத்தியதும் இரத்தம் வரும். தடிக்கவே இல்லையென்றால் ஒன்றும் வராது. வந்தாலும் காரணம் அப்படியே இருக்கும், "வந்துடுச்சு" என்ற நிம்மதியில் இரண்டு வருடம் வீணாகும். கருத்தடை மாத்திரை இன்னும் மோசம். வளர்ச்சி முடியாத பெண்ணுக்கு அந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடி, உயரம் அங்கேயே நின்றுவிடும். மார்பு வளர்ச்சியும் கெடும். உண்மையிலேயே ஹார்மோன் தேவைப்பட்டால் மிகச் சிறிய அளவு ஈஸ்ட்ரோஜனில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாகக் கூட்டி, பிறகுதான் புரோஜெஸ்டிரோன் சேர்ப்பார்கள்.

பரிசோதனை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. உயரம், எடை, இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சினைப்பைக்கு மூளையடியிலிருந்து உத்தரவு கொண்டுபோகும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், இடது கை மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே எலும்பின் வயதைச் சொல்லும். பதினான்கு வயதுப் பெண்ணின் எலும்பு வயது பன்னிரண்டு என்று வந்து, மற்றவை சரியாக இருந்தால், பெரும்பாலும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார்கள். எஃப்.எஸ்.எச். மிக அதிகமாக இருந்தால் சினைப்பையில் கோளாறு. அடுத்து குரோமோசோம் பரிசோதனை. குள்ளமாக இருக்கிற பெண்ணுக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. எக்ஸ் குரோமோசோம் இரண்டில் ஒன்று இல்லாமலோ குறையாகவோ பிறக்கிற டர்னர் சிண்ட்ரோம் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் வளர்ச்சி ஹார்மோன் ஊசியால் உயரம் கூட்ட முடியும், இதயத்தையும் சோதித்துக்கொள்ளலாம். கல்யாணப் பேச்சு வரும்வரை மூடி வைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மார்பும் உயரமும் இயல்பாக இருந்து, கருப்பை மட்டும் உருவாகாமல் பிறக்கிற பெண்கள் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவர். அவர்களுக்குச் சினைப்பை நன்றாகவே வேலை செய்யும். வாடகைத்தாய் மூலம் சொந்தக் குழந்தைக்கு 2021 வாடகைத்தாய் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இதை மறைக்காமல், மருத்துவரை வைத்துக்கொண்டே சொல்லுங்கள்.

ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் முன் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வயிற்றின் மேல்தான் ஜெல் தடவிப் பார்ப்பார்கள், உள்ளே எதையும் விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் முன்பே நான்கைந்து டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கருப்பை தெளிவாகத் தெரியும். கூட அம்மா மட்டும் போனால் போதும். அத்தையிடம் ரிப்போர்ட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.