வெறுங்கால் சாமிக்கு ஜிம்மில் இடமில்லை

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டேன். மறுநாளே ஜிம் வாசலில் மறித்துவிட்டார்கள். “ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டோம் சாமி.” 41 நாளும் செருப்பே கிடையாது, ஷூவுக்கு எங்கே போவது? சரி, டம்பெல் விழுந்தால் கால் நசுங்கும் என்கிறார்கள். ஆனால் 20 கிலோ தட்டு விழுந்தால் கேன்வாஸ் ஷூ மட்டும் காப்பாற்றிவிடுமா? ரப்பர் செருப்போடு ட்ரெட்மில்லில் ஓடுகிறவரை யாரும் கேட்பதில்லை.

ஹிஜாபோடு வந்த பெண்ணிடமும் “மெஷினில் மாட்டிக்கொள்ளும்” என்றார்களாம். ஆட்டத்தில் ஹிஜாபுக்கு இருந்த தடையைச் சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பே 2017-ல் எடுத்துவிட்டது. விரித்துப் போட்ட தலைமுடி மாட்டாதாக்கும்!

அப்புறம், சந்தாவையாவது தள்ளிவைக்கச் சொன்னேன்.

“அதெல்லாம் சிஸ்டத்தில் இல்லை சாமி.”

“சாமி” மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.