பெருவின் லேப்டாப் கதை அப்படி முடியவில்லை
“பெருவில் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்ததும் கணக்கு, வாசிப்பு மதிப்பெண் ஏறியது, உலகத்தோடு பேசத் தொடங்கிவிட்டார்கள்” என்று சிலர் சொல்வது தவறு. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கு, மொழித் தேர்வுகளில் எந்த ஏற்றமும் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். அப்புறம், அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இணையமே கிடையாது. பிறகு உலகத்தோடு எப்படிப் பேசுவது?

லேப்டாப் வழியே பிள்ளைகள் உலகத்தோடு பேசுவதற்கு உதாரணம் வேண்டுமென்றால், இன்னொரு தென் அமெரிக்க நாடான உருகுவேயைக் காட்டுங்கள். 2007இல் தொடங்கிய செய்பால் திட்டம் லேப்டாப்போடு பள்ளிக்கு இணையத்தையும் கொண்டுபோனது. ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு வெளிநாட்டு ஆசிரியர்கூடத் திரையில் வந்து பாடம் எடுக்கிறார். அந்த வாரத்தின் மற்ற ஆங்கில வகுப்புகளில் பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேச வைத்துப் பழக்குவது அவர்களுடைய சொந்த வகுப்பாசிரியர்தான்.